மெழுகு போன வழியே

ஒட்டு எங்கே?

நடராசர் சிலையை மிக அருகில் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இதில் ஒட்டு எங்கே இருக்கிறது? அரை விரற்கடை கனம்கூட இல்லாத விரல்கள். இரு பக்கமும் பறக்கும் சடைக் கற்றைகள். சடைக்குள் கைகூப்பிய சிறு கங்கை. கையில் சுற்றிய பாம்பு, காலடியில் நெளியும் முயலகன், சுற்றிலும் தீக்கொழுந்து வைத்த வட்டம். இத்தனையையும் துண்டு துண்டாகச் செய்து பற்றவைத்திருந்தால் எங்காவது ஒரு தழும்பு தெரிய வேண்டும். தெரிவதில்லை. தகட்டைத் தட்டி எழுப்பிய உருவமும் இல்லை. தூக்கிப் பார்த்தால் உள்ளே கெட்டியான உலோகம் என்று கை சொல்லிவிடும். உலோகக் கட்டியை இப்படிக் குடைந்தெடுப்பதென்றால் ஓர் ஆயுள் போதாது.

ஆக, உலோகம் நீராக இருந்தபோது எதற்குள்ளோ ஊற்றியிருக்கிறார்கள். எதற்குள்? கொழுக்கட்டை அச்சு மாதிரி இரண்டு பாதியாகத் திறக்கிற ஒன்று என்றால் வேலை நடக்காது. கொழுக்கட்டை வெளியே வருவதற்குக் காரணம், அச்சைக் கவ்விப் பிடிக்கும் உள்வளைவு எதுவும் அதில் இல்லாததுதான். நடராசரிடம் உள்வளைவைத் தவிர வேறொன்றும் இல்லை. மார்புக்குக் குறுக்கே போகும் கை, மடங்கிய முழங்கால், கற்றைகளுக்கு இடையிலான சந்துகள், எல்லாமே அச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் அந்த அச்சு திறக்கவே முடியாததாக இருந்திருக்க வேண்டும். மூடிய ஒரு மண் உருண்டை. அதன் வயிற்றுக்குள் நடராசர் வடிவில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடம் உள்ளே எப்படி உண்டாயிற்று?

விடை பலருக்குத் தெரிந்ததுதான். முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் மண் பூசுகிறார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைக்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இது நாலு வரி. ஆனால் இந்த நாலு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது நடராசரை வார்க்க முயன்றால் கை இல்லாத, முதுகில் குழி விழுந்த, கால் விரிந்துபோன ஒன்றுதான் கிடைக்கும். வரிகளுக்கு நடுவில் இருப்பதுதான் இந்த அத்தியாயம்.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. ஜெனீவா அருகேயுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் 2 மீட்டர் உயர நடராசர் நிற்கிறார். இந்திய அரசு 2004இல் பரிசளித்தது. அதைக் காட்டி, சோழர் அணுவின் ஆட்டத்தை அறிந்திருந்தார்கள் என்று பேசுவோர் உண்டு. ஆடும் துகள்களுக்கு ஆடும் கடவுள் அழகான உருவகம். அதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. சோழநாட்டில் சிலை வார்த்தவர்களுக்கு உண்மையிலேயே தெரிந்திருந்த அறிவியல் மண்ணிலும் மெழுகிலும் தீயிலும் இருக்கிறது. கையில் இருக்கும் பெருமையை விட்டுவிட்டு இல்லாததைத் தேடிப் போவானேன்?

நான்கு கை, ஐந்து தொழில்

வார்க்க வேண்டிய உருவம் எது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சைவ மரபில் சிவனுக்கு ஐந்து தொழில்கள்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூல் இவற்றை நடராசரின் உறுப்புகளில் வைத்துக் காட்டுகிறது. பின் வலக்கையின் உடுக்கை படைப்பு. முன் வலக்கையின் அபயம் காப்பு. பின் இடக்கையின் தீ அழிப்பு. ஊன்றிய பாதம் மறைப்பு. தூக்கிய பாதம் அருள்; முன் இடக்கை யானைத் துதிக்கைபோல் தொங்கி அந்தப் பாதத்தைத்தான் காட்டுகிறது. வலக்காதில் ஆணின் குழை, இடக்காதில் பெண்ணின் தோடு. சடையில் கங்கையும் பிறையும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதை வேறு கண்ணோடு பார்க்கின்றன. அங்கே ஆடவல்லார் என்று பெயர் பெற்ற நடராசர் திருமேனி ஒன்று சரக்குப் பட்டியலில் எழுதுவதுபோல் எழுதப்பட்டிருக்கிறது: எத்தனை கை, சடையில் கங்கை, சடைக்கற்றை எத்தனை, காலடியில் முயலகன், உயரம் எத்தனை விரல், உலோகம் கெட்டியா உள்ளீடற்றதா. கோயில் கணக்கருக்கு ஒவ்வொரு சின்னமும் எண்ணிச் சரிபார்க்க வேண்டிய ஓர் உருப்படி. அதே கோயிலில் பண்டங்களை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றுதான் பெயர்.

சிலை வார்க்கும் ஸ்தபதிக்கு மூன்றாவது ஒரு கண் வேண்டும். பறக்கும் சடை அவருக்கு உலோகம் கடைசியாகப் போய்ச் சேரும் மெல்லிய முட்டுச்சந்து. கையில் ஏந்திய தீ இன்னொன்று. கங்கையோ கற்றைகளுக்கு நடுவில் ஒட்டிய ஒரு சிறு துண்டு. அங்கே காற்று மாட்டிக்கொண்டால் கங்கை இல்லாமலே சிலை பிறக்கும். திருவாசி என்னும் சுடர்வட்டத்தைச் சில சிலைகளில் தனியாக வார்த்துப் பீடத்தில் செருகியிருக்கிறார்கள். சிலவற்றில் உருவத்தோடு ஒன்றாகவே வார்த்திருக்கிறார்கள். ஒன்றாக வார்த்தவற்றைக் கவனியுங்கள். சடை நுனிகள் வட்டத்தைத் தொடுகின்றன. இடுப்புத் துண்டின் பறக்கும் முனை வட்டத்தில் போய் முட்டுகிறது. ஆட்டத்தின் வேகத்தைக் கண்ணுக்குக் காட்டும் அதே உறுப்புகள் உலோகம் வட்டத்துக்குள் புகும் வாய்க்காலாகவும், பிறகு வட்டத்தைத் தாங்கும் கைகளாகவும் ஆகிவிடுகின்றன. வார்ப்பின் வசதிக்காகத்தான் சடையைப் பறக்கவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திருவாசி தனியாக உள்ள சிலைகளிலும் சடை பறக்கத்தான் செய்கிறது. கிடைத்த வழியை வீணாக்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஓலையில் மடித்த உடல்

கும்பகோணத்துக்கு மேற்கே காவிரிக் கரையில் சுவாமிமலை. இன்றும் இந்த முறையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் ஊர். அங்கே அளவுகோல் ஒரு தென்னை ஓலைத் துண்டு, ஒடியோலை என்பார்கள். செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, சாத்திரம் சொல்லும் விகிதப்படி மடித்துக் குறி வைத்துக்கொள்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். தாலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஓர் அங்குலம். இது நம் பள்ளி அளவுகோலின் அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை மாறும். பெருந்தெய்வங்களின் முழு உயரம் 124 அங்குலம், தேவியருக்கு 120. மூக்குக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்று மீதி எல்லாம் இதிலிருந்து பிரியும்.

சென்டிமீட்டர் கணக்கில்லாமல் விகிதத்தில் அளப்பதால் ஒரு லாபம் உண்டு. உருகிய வெண்கலம் கெட்டியாகி ஆறும்போது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கும். 60 செ.மீ. மெழுகு உருவம் வெண்கலத்தில் சுமார் 1 செ.மீ. குட்டையாகத்தான் வெளியே வரும். மூக்கும் அதே விகிதத்தில் குறைகிறது, முழங்காலும் அப்படியே. ஆகவே 124 பங்கு 124 பங்காகவே இருக்கும். செய்த ஓலைதான் இப்போது சிலைக்குப் பொருந்தாது. புதிய உயரத்துக்கு ஓர் ஓலையை நறுக்கி மடித்துப் பார்த்தால் எல்லாக் குறிகளும் சரியாக விழும்.

5 கிலோ மெழுகு

ஒரு சிலையைக் கணக்காக எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போவோம். சுமார் 2 அடி உயர நடராசர், மெழுகில் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

மெழுகு என்றால் சுத்தத் தேன்மெழுகு இல்லை. அதோடு குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். தேன்மெழுகு மட்டும் இருந்தால் கை வெப்பத்துக்கே இளகி விரல் வளைந்துவிடும். குங்கிலியம் விறைப்பைக் கொடுக்கிறது. குங்கிலியம் கூடினால் நொறுங்கும். எண்ணெய் அதைச் சமன் செய்கிறது. வெயில் காலத்துக்கு ஒரு பக்குவம், மழைக் காலத்துக்கு இன்னொன்று. தலை, உடல், கை, கால் ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து, காய்ச்சிய இரும்புக் கரண்டி முனையால் இணைப்பை உருக்கி ஒட்டி, தண்ணீரில் போட்டு இறுக வைக்கிறார்கள். ஒட்டு எங்கே என்று ஆரம்பத்தில் கேட்டோமே, ஒட்டு இருக்கிறது. மெழுகில் இருந்தது, மெழுகோடு போய்விட்டது. முகத்தின் சாயல், அணியின் கொத்து வேலை எல்லாம் இந்தக் கட்டத்திலேயே முடிந்தாக வேண்டும். முற்காலச் சோழச் சிலைகளின் குழைவுக்கு இதுதான் காரணம்: அவற்றின் நுண்மை மெழுகில் பிறந்தது. பிற்காலச் சிலைகளில் வார்த்தபிறகு உளியால் வெட்டிய வேலை மிகுதி. கூர்மை கூடியது, குழைவு போனது. என் ரசனை முதலாவதன் பக்கம்.

இப்போது எடை. 5 கிலோ மெழுகுக்கு எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும்? குறைந்தால் சிலை பாதியில் நிற்கும். நடுவில் இன்னொரு மூசை உருக்கி ஊற்றலாம் என்றால் முதலில் ஊற்றியது அதற்குள் உறைந்துவிடும், இரண்டும் ஒட்டாது. எல்லாவற்றையும் உடைத்துவிட்டு மீண்டும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூல் இதற்குக் கணக்குச் சொல்கிறது. செம்பும் பித்தளையும் என்றால் மெழுகைப்போல் 8 மடங்கு. வெள்ளி 12 மடங்கு. பொன் 16 மடங்கு.

சரிபார்க்கலாமா? மெழுகு இருந்த இடத்தைத்தான் உலோகம் நிரப்புகிறது. இடம் ஒன்று, எடைதான் வேறு. ஒரு லிட்டர் தேன்மெழுகு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு லிட்டர் செம்பு 8.9 கிலோ. வகுத்தால் 9 மடங்குக்குச் சற்று மேல். நூல் 8 என்கிறது. குங்கிலியம் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. அது கலந்தால் மெழுகும் கனக்கும். பித்தளை செம்பைவிடச் சற்று லேசு, லிட்டருக்கு எட்டரை கிலோ அளவில். இரண்டையும் சேர்த்தால் எட்டரை மடங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். வெள்ளிக்கு நம் கணக்கில் சுமார் 11 மடங்கு, நூலில் 12. குறைவதைவிடக் கூடுவது மேல். பொன்னில்தான் இடிக்கிறது. சுத்தத் தங்கத்துக்கு 20 மடங்கு வேண்டும், 16 போதாது. ஆனால் செம்பு கணிசமாகக் கலந்த பொன் என்றால் 16 பொருந்தும். எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. 8, 12, 16: நாலு நாலாக ஏறும் எண்கள். தராசும் நினைவும் மட்டுமே உள்ள பட்டறையில் 8.6, 10.8 என்ற எண்களை எவரும் தலைமுறை தலைமுறையாகக் கடத்த மாட்டார்கள். தோராயமாகச் சரியாக இருந்து மறக்காமலும் இருக்கும் எண் அங்கே அதிகம் உதவும்.

நம் நடராசருக்கு 8 மடங்கு என்றால் 40 கிலோ. இன்றைய அடர்த்திக் கணக்குப்படி 44 கிலோ வரை போகலாம். உலோகம் ஓடும் குழாய்களிலும் ஊற்றுவாயிலும் நிற்கும் உலோகம் அதற்கு மேல். அனுபவமுள்ள கை கொஞ்சம் தாராளமாகவே உருக்கும்.

மண்ணுக்கு இரண்டு வேலை

மெழுகின் மேல் முதலில் படும் மண்ணிடம் நாம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். புருவக் கோடுகூட விடாமல் பதிய வேண்டும். அதற்கு மண் மாவாக இருக்க வேண்டும். உள்ளே மாட்டும் காற்றும் ஆவியும் வெளியேற வேண்டும். அதற்கு மண்ணில் துளை இருக்க வேண்டும். மாவான மண் துளையை அடைத்துவிடும்.

தீர்வு வயலில் கிடைத்தது. காவிரி கொண்டுவந்து படியவைக்கும் வண்டலோடு உமிக்கரியைச் சேர்த்து அம்மியில் மையாக அரைக்கிறார்கள். வண்டலின் நுண்துகள் கோடுகளைப் பதிக்கிறது. கரித்தூள் சூட்டில் எரிந்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்கிறது. எரியும்போது அருகிலுள்ள உயிர்வாயுவையும் தின்றுவிடுவதால் உருகிய உலோகத்தின் மேல்தோல் கருகுவது குறைகிறது. மானசோல்லாசமும் உமிக்கரியைச் சொல்கிறது. அதோடு நறுக்கிய பஞ்சும் சிறிது உப்பும். பஞ்சு நார்கள் உலரும் மண் வெடிக்காமல் பிடித்துவைக்கும், பிறகு எரிந்து அவையும் துளையாகும்.

முதல் பூச்சு மிக மெல்லியது. நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகும், மண் மேலே சுருங்கி வெடிக்கும். அதற்குமேல் வயல் மண்ணும் மணலும் கலந்த பூச்சு, அதற்கும் மேல் கரடுமுரடான கனத்த பூச்சு. பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பியால் கட்டுகிறார்கள். 40 கிலோ உலோகம் உள்ளிருந்து தள்ளும்போது வெறும் மண் பிளந்துவிடும்.

பூசும்போதே உலோகம் போகவும் காற்று வெளியேறவும் மெழுகுக் குச்சிகளை உருவத்தில் பொருத்திவிடுகிறார்கள். மெழுகு போனால் அவை குழாயாகிவிடும். முதுகு, தோள், பிடரி ஆகியவையே வழக்கமான இடங்கள். வார்த்தபின் குழாயில் நின்ற உலோகத்தை அறுத்து அராவ வேண்டும். அராவிய தழும்பு முன்பக்கம் வரக் கூடாது. கனத்த உடற்பகுதிக்கு நேராகக் குழாய் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஊற்றியபிறகு தெரியும்.

ஊற்றிய பிறகு

காய்ந்த அச்சை வறட்டி அடுக்கிச் சூடாக்குகிறார்கள். தேன்மெழுகு 63 பாகை செல்சியசுக்கு அருகில் உருகிவிடும். உருகும்போது அதன் பருமன் பெருகும் என்பதால் வாயருகே உள்ள மெழுகு முதலில் இளகி வழிவிட வேண்டும். இல்லையேல் உள்ளே பெருகும் மெழுகே அச்சை உடைத்துவிடும். வடிந்த மெழுகைப் பிடித்து அடுத்த சிலைக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

மெழுகு போனபின்னும் அச்சு சூட்டிலேயே இருக்க வேண்டும். ஈரம் ஒரு துளி மிஞ்சினாலும் ஆபத்து. ஆயிரம் பாகை உலோகம் பட்டதும் அது நீராவியாகி, உலோகத்தை ஊற்றுபவர் முகத்துக்கே திருப்பி வீசும். இன்னொரு காரணம் விரல்கள். மெல்லிய உறுப்பில் உலோகம் கொஞ்சம், அதைச் சுற்றிலும் மண் நிறைய. வெப்பம் சட்டென்று போய்விடும். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் தோளைத் தாண்டுவதற்குள் உலோகம் உறைந்து நடராசர் விரலில்லாமல் பிறப்பார். அச்சைச் சிவக்கக் காய்ச்சி, ஊற்றுவாய் மேலே தெரியும்படி மண்ணில் புதைத்துவிட்டு, நூல் அறாத ஒரே ஒழுக்காக ஊற்றுகிறார்கள். காற்றுக்குழாயில் உலோகம் எட்டிப் பார்த்தால் உள்ளே நிரம்பிவிட்டது என்று பொருள்.

என்ன உலோகம்? பஞ்சலோகம் என்று பொதுவில் சொல்கிறோம். பொன்னும் வெள்ளியும் இன்று பெரும்பாலும் வேண்டுதலின் அளவில்தான் சேர்கின்றன. பழைய சிலைகளைச் சோதித்தால் பெரும்பங்கு செம்பு, அதோடு வெள்ளீயமும் காரீயமும். இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

சுத்தச் செம்பு 1085 பாகையில் உருகும். உருகியபின் காற்றை உறிஞ்சிக்கொண்டு, ஆறும்போது அதைக் கக்கி உடலெங்கும் குமிழ் விடும். வெள்ளீயம் சேர்த்தால் உருகுநிலை இறங்கும், நீர்மை கூடும், ஆறியபின் கடினமும் கூடும். அதற்காக அள்ளிப் போட முடியாது. 15 சதவீதத்துக்கு மேல் போனால் உலோகம் நொறுங்கும் தன்மைக்கு மாறுகிறது. மணிக்கு அது நல்லது. 20 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம்தான் கணீரென்று ஒலிக்கும். நீட்டிய கைக்கு அது ஆகாது. சோழச் சிலைகளில் வெள்ளீயம் பொதுவாக இந்த எல்லைக்கு உள்ளேயே நிற்கிறது.

காரீயத்தின் வேலை நுட்பமானது. வெண்கலம் ஒரே நொடியில் உறைவதில்லை. 10 சதவீத வெள்ளீயம் என்றால் 1000 பாகைக்கு அருகில் உறையத் தொடங்கி, 850 பாகைக்கு அருகில்தான் முடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் அது பாதி படிகம், பாதி குழம்பு. படிகங்கள் கிளைகிளையாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நடுவில் மாட்டிய குழம்பு சுருங்கும்போது மேலிருந்து வந்து நிரப்ப வழி இல்லாமல் நுண்குழிகள் விழும். காரீயம் உறைந்த வெண்கலத்தில் கரையாது. 327 பாகை வரை நீராகவே இருக்கும். மற்றதெல்லாம் உறைந்தபின்னும் அது துளித்துளியாக அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வார்த்தபின் உளி சுலபமாக ஓடுவதும் அதனால்தான்.

கனத்த மார்புக்கும் இடுப்புக்கும் காரீயம் மட்டும் போதாது. அங்கே நடுப்பகுதி எல்லாவற்றுக்கும் கடைசியில் உறையும். சுருங்கும்போது அக்கம்பக்கத்திலிருந்து உலோகத்தை இழுக்கும். கொடுக்க ஆள் இல்லாவிட்டால் மேற்பரப்பு உள்வாங்கி முதுகில் பள்ளம் விழும். முதுகுக் குழாய்களில் நிற்கும் உலோகம் கொடுக்கும் ஆள். உடல் உறைந்து முடியும்வரை குழாய் நீராக இருக்க வேண்டும், ஆகவே குழாய் பருமனாக இருக்க வேண்டும்.

கனமா, பொள்ளலா?

இவ்வளவு சிரமமும் சிலை கெட்டியாக இருப்பதால் வந்தது. நடுவில் மண் கரு வைத்து, அதன்மேல் மெழுகைப் போர்த்தி வார்த்தால் சுவர் மெல்லியதாக, சீராக ஆறும். உலோகமும் பாதிக்குப் பாதி மிச்சம். பழங்காலக் கிரேக்கர்கள் ஆளுயரச் சிலைகளை அப்படித்தான் வார்த்தார்கள், நேபாளத்திலும் அந்த வழக்கம் உண்டு. தமிழ்நாட்டு ஸ்தபதிகளுக்கும் தெரியும். தஞ்சைக் கல்வெட்டுகள் திருமேனிகளைக் கனமாகச் செய்தது, பொள்ளலாகச் செய்தது என்று பிரித்தே எழுதுகின்றன. தெரிந்துகொண்டே கடினமான வழியைத் தேர்ந்தார்கள் என்பதுதான் செய்தி. உலாவுக்கும் திருமஞ்சனத்துக்கும் உரிய திருமேனி உள்ளே வெறுமையாக இருக்கக் கூடாது என்ற நம்பிக்கை ஒரு காரணம். நூற்றாண்டுக்கணக்கில் பாலும் பஞ்சாமிர்தமும் ஊற்றிக் கையால் தேய்த்தாலும் ஓட்டை விழாது என்பது இன்னொன்று. பல சிலைகளில் மூக்கும் இதழும் தேய்ந்து மழுங்கியிருப்பதைப் பார்த்தால் அந்த முன்யோசனை புரியும்.

ஏன் விழுவதில்லை?

எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்விக்கு வருவோம். ஒற்றைக் காலில் நிற்கும் நடராசர் ஏன் சாய்வதில்லை?

நாம் ஒற்றைக் காலில் நின்றால் பாதம் தரையில் வெறுமே படிந்திருக்கிறது. நடராசரின் பாதம் முயலகனோடு ஒரே உலோகம். முயலகன் பீடத்தோடு உறுதியாகப் பிணைந்தவன். ஆகவே சாய்ந்தால் பீடமும் சேர்ந்துதான் சாய வேண்டும். அகன்ற, கனத்த பீடம். உருவத்தின் எடைமையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு பீடத்தின் விளிம்புக்கு உள்ளே விழும்வரை கவலை இல்லை.

சரி, கணுக்கால் வளையாதா? நாம் வார்த்ததைவிடப் பெரிய, 60 கிலோ உருவம், அதன் எடைமையம் கணுக்காலுக்கு நேர்மேலே இல்லாமல் 5 செ.மீ. தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணுக்காலின் மேல் விழும் முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 3 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். 4 செ.மீ. பருமனுள்ள கெட்டி வெண்கலத்துக்கு அது பொருட்டே இல்லை. அதைப்போல் பத்து மடங்கைத் தாங்கும்.

அப்படியென்றால் சிற்பநூல்கள் ஏன் உச்சியிலிருந்து பாதம்வரை தூக்குநூல் விட்டு, ஒவ்வோர் உறுப்பும் அந்த நூலிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்று விரல்கணக்கில் சொல்கின்றன? உலோகம் அதைக் கேட்கவில்லை. கேட்பது நம் கண். நடக்கக் கற்ற நாளிலிருந்து ஓர் உடல் விழுமா விழாதா என்பதை நாம் யோசிக்காமலே கணித்துவிடுகிறோம். தலை ஊன்றிய காலுக்கு மேலே இல்லாவிட்டால், பீடம் எவ்வளவு கனமாக இருந்தாலும், பார்ப்பவருக்கு உள்ளே ஒரு பதற்றம் வரும். தூக்கிய காலும் வீசிய கையும் உடலுக்குக் குறுக்கே போகின்றன. முழங்கால் மடிந்து இடுப்பு நகர்ந்து அதை ஈடுகட்டுகிறது, துண்டின் முனை எதிர்ப்புறம் பறக்கிறது. திருவாலங்காட்டு நடராசர் திருவாசியை இழந்துவிட்டு சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறார். வட்டம் இல்லாமலும் ஆட்டம் நிலைகுலையவில்லை. தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இதைவிட வேடிக்கையான சோதனை ஒன்று இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் ஒரு காளைமேல் முழங்கையை ஊன்றி நின்றவர். காளை இப்போது இல்லை. வெறும் காற்றில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், நமக்கும் அது இயல்பாகவே படுகிறது.

உலோகத்துக்கு உண்மையான சோதனை தெருவில்தான். பீடத்துத் துளைகளிலும் வளையங்களிலும் கழிகளைக் கோத்து, ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளில் தூக்கி ஆட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் சடை நுனியும் கையும் அதிரும். அசையாமல் நிற்கும் இந்தப் பாரம் எதையும் முறிப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் சிறு அதிர்வு முறிக்கும். சடையும் துண்டும் திருவாசியைத் தொட்டுப் பிடித்திருக்கும் சிலைகளில் எல்லாம் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

காரீயம் சொல்லும் சாட்சி

மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் அச்சு மிஞ்சுவதில்லை. ஒரே அச்சில் இரண்டு சிலை என்பதும் கிடையாது. பெரும்பாலான சிலைகளில் செய்தவர் பெயரோ ஆண்டோ இல்லை. அப்படியிருக்க, எது எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? முகச்சாயல், அணி, இடுப்பு வளைவு ஆகியவற்றைப் பார்த்துக் கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். இருவர் பார்த்தால் சில சமயம் ஒரு நூற்றாண்டு வித்தியாசம் வரும்.

இங்கே காரீயம் உதவிக்கு வருகிறது. காரீயத்தில் எடை மட்டும் சற்று வேறுபடும் சில வகை அணுக்கள் கலந்திருக்கும். இவற்றை ஓரிடத்தான்கள் என்கிறோம். எந்த வகை எத்தனை பங்கு என்பது கனிமம் உருவான காலத்தையும் இடத்தையும் பொறுத்தது. சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்தப் பங்கு மாறாது. சிலையின் கண்ணில் படாத இடத்தில் சிட்டிகை உலோகத்தூளைத் துளைத்தெடுத்தால் போதும்.

பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் சிலைகளை ஆராய்ந்தார். கல்வெட்டாலும் பாணியாலும் காலம் உறுதியான சிலைகளை முதலில் அளந்து, எந்தக் காலத்தில் எந்த வகைக் காரீயம் புழங்கியது என்று ஒரு வரைபடம் அமைத்தார். ஐயத்துக்குரிய சிலைகளை அதில் பொருத்திப் பார்த்தபோது, சோழர் காலத்தவை என்று கருதப்பட்ட சில பல்லவர் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு நடராசர் அவற்றில் ஒன்று. வெண்கல நடராசர் சோழரின் படைப்பு என்பதே வழக்கமான கருத்து. அவர் கணிப்பு சரியென்றால் அந்த ஆட்டம் 9ஆம் நூற்றாண்டிலேயே உலோகத்தில் தொடங்கிவிட்டது.

இந்த முறைக்கு ஒரு தொல்லை உண்டு. பழைய உலோகம் விலை மதிப்புள்ளது. உடைந்த விளக்கையும் சொம்பையும் உருக்கிப் புதுச் சிலையில் சேர்ப்பது பட்டறை வழக்கம். இரண்டு சுரங்கத்துக் காரீயம் ஒரே மூசையில் கலந்தால் பங்குகள் நடுவில் எங்கோ வந்து நிற்கும், எந்தச் சுரங்கத்தையும் காட்டாது. ஆகவே ஒற்றைச் சிலையைவிட, ஒரே பட்டறையில் ஒரே காலத்தில் வார்த்த சிலைக் கூட்டங்களைப் பற்றித்தான் காரீயம் தெளிவாகப் பேசுகிறது. கோயில் நிலத்தில் புதைத்து வைத்திருந்து, வீடு கட்டவோ வயல் திருத்தவோ தோண்டும்போது மொத்தமாகக் கிடைக்கும் திருமேனிகள் ஆய்வாளர்களுக்கு அதனால்தான் இத்தனை முக்கியம்.